எருமைக்குக் காது மந்தம்

“வாயைத் திறக்குமுன்ன அழுதுருவா. இவளா இன்ஸ்பெக்டர் முன்னால நின்னு பதில் சொல்லப் போறா?” என்று கேட்டவள் என் அத்தை. மம்சாபுரத்தில் எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்து கேள்வி கேட்கும் நாலாம் வகுப்புச் சோதனையில் தேறாவிட்டால் மறுநாளே பருத்திக் காட்டுக்கு என்பது அத்தையின் தீர்ப்பு. அப்பாவும் மறுக்கவில்லை.

அத்தை சொன்னதில் பொய்யில்லை. கோபமோ பயமோ வந்தால் எனக்குப் பேச்சு வராது, அழுகைதான் வரும். அம்மா அதட்டவும் மாட்டாள், காரணம் கேட்கவும் மாட்டாள். தொழுவத்தைக் காட்டுவாள்.

“ஏட்டி, கருப்பிட்ட போய்ச் சொல்லு. அவளுக்குக் காது மந்தம். நல்லா மூச்ச இழுத்து விட்டுட்டு, ஒவ்வொண்ணா, மெதுவாச் சொல்லணும்.”

கருப்பி எங்கள் எருமை. அவள் கழுத்தில் கை வைத்து, “ஏட்டி கருப்பி, கேட்டுக்கோ” என்று தொடங்குவேன். அவள் அசைபோடும் வேகத்துக்கு நானும் பேசுவேன். பாதியிலேயே கோபம் எங்கோ போயிருக்கும். எனக்குப் பின்னால் உட்காருபவள் சடையை இழுக்கிறாள் என்று ஒருநாள் சொன்னேன். மறுநாள் வாத்தியார் அவளை இடம் மாற்றிவிட்டார். கருப்பிதான் எப்படியோ சொல்லியிருக்கிறாள் என்று என் கருப்பட்டித் துண்டில் பாதியை அவளுக்குக் கொடுத்தேன்.

நான் படித்த ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். வைகை எங்கே பிறந்து எங்கே போகிறது என்று என்னைக் கேட்டார். தெரியும். ஆனால் கண் நிறைந்தது. அவர் மேசைமேல் கையை வைத்து மூச்சை இழுத்து விட்டேன். வாய் தானாகத் திறந்தது.

“ஏட்டி கருப்பி, கேட்டுக்கோ.”

வகுப்பே சிரித்தது. வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை. யார் அந்தக் கருப்பி என்றார் இன்ஸ்பெக்டர்.

“எங்க எருமை அய்யா. அவளுக்குக் காது மந்தம்.”

“எனக்கும் ஒரு காது அப்படித்தான். மெதுவாவே சொல்லும்மா.”

மலையிலிருந்து கடல்வரை வைகையை நிதானமாக ஓட்டிக்கொண்டுபோய்ச் சேர்த்தேன். தேறிவிட்டேன். பாஸ் போட வேண்டியது எருமைக்கு என்று சொல்லிக்கொண்டே அத்தை எனக்குப் பணியாரம் சுட்டாள்.

நான் கருப்பியிடம் பேசும்போதெல்லாம் வைக்கோல் படப்புக்குப் பின்னால் அப்பாவுக்கு ஏன் ஏதாவது வேலை இருந்தது என்று அப்போது எனக்குத் தோன்றவேயில்லை.

இப்போது ராஜபாளையத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். அழுதுகொண்டு வரும் பிள்ளைகளை வேப்பமரத்தடியில் கட்டியிருக்கும் காவற்காரரின் ஆட்டிடம் அனுப்புகிறேன். அதற்குக் காது மந்தம். மரத்துக்குப் பின்னால் எனக்கும் வேலை இருக்கிறது.