கொழுந்து மாடியில் காய்ந்த சட்டைகள்

கண்டியில் வெயிலை நம்பி லோண்டரி நடத்துகிறவன் உருப்பட மாட்டான். நான் நம்பியதில்லை. அதனால்தான் கடையும் எனது, கடை நிற்கும் நிலமும் எனது, மேல்மாடியில் வரிசையாகச் சுழலும் மின்விசிறிகளும் எனது. மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவன் நான். இன்று இந்த நகரத்துப் பெரிய கல்யாணங்களில் மாப்பிள்ளையின் கோட்டில் ஒரு சுருக்கமும் இல்லையென்றால், அது என் கைபட்டு வந்தது என்று அர்த்தம். சும்மா சொல்லவில்லை. மடிப்பைப் பார்த்தாலே தெரியும்.

மாப்பிள்ளைக்கு வெளுக்க யாராலும் முடியும். ஒரு நாட்டுக்கே வெளுத்தவன் இந்த ஊரில் வேறு யார்?

அந்த மழைக்காலத்தில் குண்டசாலைப் பக்கம் ஓர் உள்ளரங்கில் வெளிநாட்டு அணிகள் வந்து கால்பந்து ஆடின. கூரைக்கு அடியில் ஆடும் கால்பந்து. பக்கத்துக்கு ஐந்து பேர்தான். கோல் என் கடை வாசல் அகலம்தான் இருக்கும். பந்து துள்ளாது, போட்ட இடத்தில் பூனை மாதிரி படுத்துக்கொள்ளும். புல் இல்லை, சேறு இல்லை, பளபளக்கும் தரை. சட்டையில் வியர்வையைத் தவிர வேறெதுவும் ஒட்டாது. இதெல்லாம் ஓர் அழுக்கா என்று நான் சிரித்தேன்.

அவற்றில் ஓர் அணியின் துணி என்னிடம் வந்தது. அந்த நாட்டின் பெயர் இன்றும் என் நாக்கில் சரியாக உட்காராது. பனிமலை உள்ள நாடு என்று மட்டும் தெரியும். விமானத்தில் அவர்களுடைய பெட்டி ஒன்று எங்கோ போய்விட்டது. மிஞ்சியது ஒரே செட் சிவப்புச் சட்டை. ஒவ்வோர் ஆட்டமும் முடிந்ததும், உடைகளைப் பார்த்துக்கொள்ளும் உயரமான பெண் ஒருத்தி ஈரமூட்டையோடு என் கடைக்கு வருவாள். அடுத்த ஆட்டத்துக்கு முன் அது காய்ந்து போயாக வேண்டும். முதுகில் எண் உள்ள சட்டை இல்லாமல் களத்தில் இறங்க விடமாட்டார்களாம். அந்த எண்ணோ மெல்லிய தாள் போல ஒட்டியது. சூட்டு இயந்திரத்தில் போட்டால் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். காற்றில்தான் காய வேண்டும்.

அரையிறுதிக்கு முந்திய நாள் அவள் வானத்தைக் காட்டி, "டுமாரோ?" என்று கேட்டாள்.

"நோ ப்ராப்ளம், மேடம்! ரெயின் கம், சன் நோ கம், மை ஷேர்ட் ட்ரை!" என்றேன் நான்.

உள்ளே மடித்துக்கொண்டிருந்த என் மனைவி தலையைத் தூக்காமலே சொன்னாள்: "எந்த மழையிலயும் நனையாத சாமான் ஒண்ணு இருக்குன்னா, அது ஒங்க வாயிதாங்க."

விடிந்தபோது கரண்ட் இல்லை. மகாவலிக் கரையில் மரமொன்று கம்பிமேல் சாய்ந்துவிட்டதாம். மாலைக்கு முன் வராது என்று முச்சக்கர வண்டிக்காரர் சொல்லிவிட்டுப் போனார். மேல்மாடியில் என் மின்விசிறிகள் அசையாமல் தொங்கின. அவற்றின் கீழே ஒரு நாட்டின் சட்டைகள், பிழிந்த ஈரம் பிழிந்தபடியே. ஆட்டம் அன்று மாலை.

"இப்ப என்ன செய்யப் போறீங்க? ஊதிக் காய வைக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி.

காற்று. எங்கே காற்று இருக்கிறது? ஜன்னலில் நின்று யோசித்தேன். வெளியே மழை நேராக விழுந்துகொண்டிருந்தது, ஓர் இலைகூட ஆடவில்லை. அப்போதுதான் பழைய நினைவிலிருந்து என் மூக்குக்கு அந்த வாசம் வந்தது. பச்சையும் பழுப்புமான ஒரு வெதுவெதுப்பு. கொழுந்து வாட்டும் மாடி!

"வேனை எடுக்கிறேன். கூடையத் தூக்கு. இஸ்டோருக்குப் போறோம்," என்றேன்.

இஸ்டோர் என்றால் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை. அங்கே விறகடுப்பு உண்டு, சொந்த ஜெனரேட்டர் உண்டு. பறித்த கொழுந்தை மேல்மாடியில் நீளத் தொட்டிகளின் கம்பிவலைமேல் பரப்பி, அடியிலிருந்து காற்றை விடுவார்கள். இளவயதில் அந்த மாடியில் கொழுந்து பரப்பியவன் நான். அந்த இடத்தின்மேல் எனக்கு ஏக்கம் எதுவும் கிடையாது. அங்கிருந்து தப்பித்து வந்ததுதான் நான் செய்த முதல் புத்திசாலித்தனம். ஆனால் காற்று அங்கேதான் இருந்தது.

வத்தேகமையைத் தாண்டியதும் பாதை மேகத்துக்குள் போய்விட்டது. வேனின் விளக்கு முன்னால் ஒரு வெள்ளைச் சுவரைத் தள்ளிக்கொண்டே போனது. மனைவி கூடையை மடியில் வைத்து, பிள்ளையைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தாள். ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று காது அடைத்தபோதுதான் தெரிந்தது.

டீமேக்கர், அதாவது தேயிலை பதம் பார்க்கும் பொறுப்பாளர், எங்கள் பழைய லயத்து வரிசைவீட்டுப் பையன். என்னைக் கண்டதும் சிரித்தார். கூடையைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

"என்னண்ணே இது? உடுப்பா? கொழுந்து மேலயா?"

"தம்பி, இது சாதாரண உடுப்பு இல்ல. ஒரு நாடு!"

"நாடா இருந்தாலும் சோப்பு வாசம் அடிக்குதே. தேயிலை எதையும் இழுத்துக்கும்ணே. கொழும்புல ருசி பாக்கிறவரு வாயில வச்சதும் துப்பிட்டு, எனக்குத்தான் போன் எடுப்பாரு."

"என் அலசல்ல சோப்பு வாசமா? யாரப் பாத்து..."

மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள். டீமேக்கர் தாடையைத் தேய்த்தார்.

"கடைசித் தொட்டியில வலை கிழிஞ்சு தச்சிக்கிட்டு இருக்கோம். அதுல கொழுந்து இல்ல. காத்து விடலாம். ஆனா ஒண்ணு. மறுபடி பச்சத் தண்ணியில அலசிட்டு வாங்க. எனக்கு மூக்குல ஒண்ணும் தெரியக்கூடாது."

காய வைக்க வந்தவன் நான். என்னை நனைக்கச் சொல்கிறார். கொஞ்சநஞ்சம் உலர்ந்ததும் போய்விடும். மாலைக்குள் காயாவிட்டால் ஆட வந்த அந்தப் பிள்ளைகள் களத்துக்கு வெளியே நிற்பார்கள். மனைவி கூடையோடு தண்ணீர்ப் பீலிக்கு இறங்கினாள். நானும் இறங்கினேன். மலையிலிருந்து வரும் தண்ணீர் விரலைக் கடித்தது. எண்களைத் தடவித் தடவி அலசினோம். டீமேக்கர் ஒவ்வொரு சட்டையையும் முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். ஒன்றைக்கூடத் திருப்பித் தரவில்லை. எப்படித் தருவார்? அலசியது நான்.

பிறகு காற்றைத் திறந்தார்.

அந்த மத்தியானத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீண்ட மாடி. இரண்டு பக்கமும் பச்சைக் கொழுந்து, கடைசியில் மட்டும் சிவப்பு. ஜன்னல்களுக்கு வெளியே உலகம் இல்லை, வெண்மைதான். அடியிலிருந்து இளஞ்சூடான காற்று ஏற ஏற, படுத்திருந்த சட்டைகள் ஒவ்வொன்றாக மூச்சு விடத் தொடங்கின. முதலில் ஒரு கை அசைந்தது. பிறகு ஒரு மார்பு எழுந்து இறங்கியது. நான் ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்தேன். அடுப்பின் சூடு தரையில் வந்தது. விசிறியின் ஒலி ஒரே சீராக, கடல் இப்படித்தான் ஒலிக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கண் மூடியதா தெரியாது. சட்டைகள் எழுந்து ஆடின. உள்ளே ஆளில்லை. ஐந்து சிவப்புச் சட்டைகள் கொழுந்தின்மேல் ஓசையில்லாமல் ஓடின. பந்து பச்சைக்குள் முழுகி வேறோர் இடத்தில் எழுந்தது. ஒரு சட்டை என் பக்கம் திரும்பியது. அதற்கு முகம் இல்லை. ஆனாலும் அதற்கு என்னைத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. கையைத் தூக்கி என்னை வா என்றது. போகத்தான் எழுந்தேன்.

"என்னங்க, தொட்டிக்குள்ள கால வைக்கிறீங்க!" மனைவி பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "காஞ்சிருச்சு. எடுங்க."

காய்ந்திருந்தது. கடைசித் தையல் வரைக்கும்.

வந்த மேகத்துக்குள்ளேயே திரும்பி இறங்கினோம். அரங்கின் வாசலில் அந்த உயரமான பெண் நனைந்தபடி நின்றிருந்தாள். கூடையை வாங்கியவள் முகத்தை அதற்குள் புதைத்தாள். நிமிர்ந்தபோது குழப்பத்தோடு, "டீ?" என்றாள்.

"யெஸ், மேடம். மை டீ," என்றேன். அதிலும் தப்பில்லையே.

எங்களை உள்ளே உட்கார வைத்தாள். விளக்கு வெள்ளையாகக் கொட்டியது. காலணிகள் தரையில் குருவிகள் போலக் கீச்சிட்டன. பந்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. சட்டைகளைத்தான் பார்த்தேன். இப்போது உள்ளே ஆளிருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு கோலில் தோற்றார்கள். கால்களின் குறை அது. சட்டையில் குறை இல்லை. ஆட்டம் முடிந்ததும் அந்தப் பிள்ளைகள் சிவப்புச் சட்டைகளைக் கழற்றி, வென்ற நீல அணியோடு மாற்றிக்கொண்டார்கள். அது அவர்கள் வழக்கமாம். நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"அவ்வளவு பாடுபட்டு... குடுத்துட்டானுங்களே!"

"இனி அவங்களுக்கு ஆட்டம் இல்லையே," என்றாள் மனைவி. "குடுக்கலாம்."

மறுநாள் வெயில் வந்தது, கரண்டும் வந்தது, நீல அணியின் மூட்டையும் வந்தது. என் பெயர் அரங்குக்குள் பரவிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். அவிழ்த்தால் அவர்களுடைய இன்னொரு செட் நீலத்துக்கு நடுவே சிவப்பு. நானே வெளுத்துக் காய வைத்தவை, இப்போது இரண்டு நாட்டு வியர்வையோடு.

வாசம் போக்குவது என் தொழில். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வெளுத்தேன். வெயிலில் காய்ந்ததை மோந்து பார்த்தேன், சோப்பும் வெயிலும்தான். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அந்த வாசம் போச்சா?" என்றாள். நான் அயன் பெட்டியைச் சூடாக்கினேன்.

கடைசியில் ஒரு சிவப்புச் சட்டையை விரித்தேன். எண்ணில் சூடு படாமல் இருக்க மேலே ஈரத்துணி போட்டு, மெல்ல அயன் பெட்டியை வைத்தேன். ஆவி எழுந்தது.

மனைவி மடிப்பதை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். கடை முழுக்க யாரோ அப்போதுதான் தேநீர் ஊற்றியது போல மணத்தது.

"அடுத்ததையும் போடுங்க," என்றாள்.