நான் நடத்திய காங்கோ

பாகூர் ஏரிக்குக் கீழே நெல் விளைந்து தலைசாய்ந்து நின்றது. கூலியைக் கூட்டித் தராமல் அறுக்க இறங்குவதில்லை என்று எங்கள் சங்கம் சொல்லிவிட்டது. எனக்குப் படிப்பு கிடையாது. பள்ளிக்கூடத்துக்குள் ஒரே தடவை போயிருக்கிறேன், ஓடிப்போன எருமையைப் பிடிக்க. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள்.

சங்கத்தில் எழுத்து தெரிந்தவர் ஒருவர்தான். சாயங்காலம் தெருமுனை வேப்பமரத்தடியில் எல்லாருக்கும் பேப்பர் படிப்பார். ஆப்பிரிக்காவில் காங்கோ என்ற நாட்டில் ஒரு பக்கத்தைப் பிரித்துக்கொண்டு ஏழைகள் தனி அரசாங்கம் வைத்துவிட்டார்களாம். "அவங்க நிக்கிறாங்க, நாம நிக்க மாட்டமா?" என்பார். மூன்றாம் நாள் போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போனது. வாய் நீளமானவன் என்று சங்கத்தார் பேப்பரை என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

டீக்கடை பாய் பழைய பேப்பரைத் தந்து, காங்கோ பற்றி இரண்டு வரி படித்தும் சொல்வார். மீதியைப் பேப்பரைப் பார்த்துப் படிப்பதுபோல நானே கட்டினேன். அங்கே ஆளுக்கு இரண்டு காணி நிலமும் ஒரு மாடும் கொடுத்தேன். கிழவர் ஒருவர், "மாடு கறவையா?" என்றார். கொடுப்பதில் என்ன கஞ்சத்தனம்?

"கன்னுக்குட்டியோட."

பன்னிரண்டாம் நாள் பாய் குரலைத் தாழ்த்தி, "கவுந்துடுச்சுப்பா. வெள்ளக்காரப் பட்டாளம் வானத்துலேர்ந்து குதிச்சிடுச்சாம்" என்றார். அன்றைக்கும் காங்கோவை ஜெயிக்க வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். பிள்ளைகள் நண்டுச் சாற்றைக் குடித்துவிட்டுச் சுருண்டு கிடந்தார்கள். சோறு பார்த்து இரண்டு நாளாகியிருந்தது.

பெண்சாதி கேட்டாள்: "யோவ், அவங்க நெஜமா ஜெயிக்கிறாங்களா? ஜெயிச்சா நாளைக்கும் தாங்குறேன். இல்லன்னா இப்பவே சொல்லிடு."

"போயிடுச்சுடி. பாய் சொன்னாரு."

"பேப்பர்ல போடலியா?"

"எனக்கு இன்னா தெரியும்?"

"அதான பாத்தேன். நேத்து நீ படிச்சது சினிமாக்காரி படம் போட்ட பக்கம். தெருவே பாத்துச்சு."

"அப்புறம் ஏண்டி ஒக்காந்து கேட்டீங்க?"

"பசிக்கு வேற இன்னா இருந்துச்சு?"

காலையில் மரத்தடியில் காங்கோ கவிழ்ந்ததை நானே எழுந்து சொன்னேன். யாரும் திட்டவில்லை, திட்டத் தெம்பு வேண்டுமே. பழைய கூலிக்கே அரிவாளோடு இறங்கினோம். நாலு கட்டு அறுத்திருப்போம். அந்தக் கிழவர் நிமிர்ந்தார்.

"இன்னாடா, இன்னிக்கி காங்கோல இன்னா சேதி?"

"அங்கயும் அறுப்புக்கு எறங்கிட்டாங்க பெரியப்பா."

"அந்த மாடு?"

"ஓட்டிக்கினு பூட்டாங்க."

"கன்னுக்குட்டியுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் குனிந்து அடுத்த பிடியைப் பிடித்தார்.