வேலியில் தொங்கிய நீலப் பேசின்

தஞ்சோங் டாவாய் படகுத்துறையில் மீன் எடுத்து, குருண் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விற்றேன். ஆறாம் ஆண்டோடு படிப்பை விட்டவனுக்கு வேறென்ன தெரியும்? மீன் வேண்டியவர்கள் காலையிலேயே வேலியில் மீன் வாங்கும் பிளாஸ்டிக் பேசினை மாட்டிவிடுவார்கள். பேசின் தொங்கினால் நிற்பேன்.

முன்பெல்லாம் தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு லயத்தில் பத்துப் பன்னிரண்டு தொங்கும். பிறகு கடலில் மீன் குறைந்தது. படகுகள் நெடுந்தூரம் போயும் பாதிப் பெட்டியோடு திரும்பின. விலை ஏற ஏற பேசின்கள் ஒவ்வொன்றாக வீட்டுக்குள் போயின. கடைசியில் ஓர் அக்காவின் நீலப் பேசின் மட்டும். அதுவும் போய்விட்டால்? லயத்து வளைவு வரும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்து வேலியை எட்டிப் பார்ப்பேன்.

ஒருநாள் அந்த அக்கா சொன்னார்:

"தம்பி, மக பிள்ளை பெத்து வந்திருக்கா. பால் ஊறவே மாட்டேங்குது. பால் சுறா கிடைக்குமா?"

"நாளைக்கே கொண்டாறேன்க்கா."

வாய் முந்திக்கொண்டது. மூன்று விடியல் படகுத்துறையில் நின்றேன். மலாய்க்காரப் படகுக்காரர், "தாக் அடா லா" என்று கையை விரித்தார். இல்லை என்று அக்காவிடம் சொல்லப் பயந்து, "நாளைக்கு, நாளைக்கு" என்றே தள்ளினேன். நான்காம் நாள் சுங்கைப்பட்டாணி பாசார் மீன்கடையில், எந்த நாட்டிலிருந்தோ உறைந்து வந்த சுறா ஒன்றை வாங்கி, தண்ணீரில் இளக்கி, டாவாய் மீன்களுக்கு நடுவே வைத்தேன்.

அக்கா விரலால் அழுத்திப் பார்த்தார். குழி அப்படியே நின்றது.

"எங்க பிடிச்சது?"

"டாவாய்தான்க்கா."

"இது கடலைப் பாத்தே ஆறு மாசம் இருக்கும் லா. மோட்டார் ஓட்டத் தெரிஞ்ச அளவுக்கு உனக்குப் பொய் சொல்லத் தெரியல."

ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடினேன். அவர் சத்தம் போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"கடல்ல இல்லேன்னா இல்லேன்னு சொல்லக் கூடாதா தம்பி? முருங்கைக்கீரையாவது ஆக்கிப் போட்டிருப்பேன். நீ சொன்னேன்னு நாலு நாளு பாத்துட்டு இருந்தேன். பச்சப்புள்ள பசியில கத்துனுச்சு. நேத்துதான் மாவுப்பால் வாங்கிக் கரைச்சோம்."

உள்ளேயிருந்து குழந்தையின் சிணுங்கல் கேட்டது. அக்கா வெறும் பேசினோடு உள்ளே போனார்.

மறுநாளும் போனேன். பேசின் குழாயடியில் இருந்தது; அதில் குழந்தைத் துணி ஊறிக்கொண்டிருந்தது. ஹார்ன் அடிக்காமல் வண்டியைத் திருப்பினேன். அந்த லயத்துக்குள் பிறகு நான் போகவில்லை.