நாயின் நாலாவது கால்

காலில் ஒப்பரேசன் என்றால் காலை எடுத்துவிட்டு மீதி ஆளைத் திருப்பித் தருவார்கள் என்றுதான் நான் முதலில் நம்பியிருந்தேன். சிரிக்க வேண்டாம். ஷெல்லடிக் காலத்து யாழ்ப்பாணத்தில், எங்கள் ஒழுங்கையிலிருந்து கால் ஒப்பரேசனுக்குப் போன எவரும் போன காலோடு திரும்பி வரவில்லை. அந்தப் படிப்போடுதான் தொண்ணூறுகளில் இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்து, அதன் கடற்கரைப் பக்கமான மொண்டெல்லோவில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய வீட்டு அம்மாவின், வீட்டில் சமையல், துடைப்பு, நாய் ஆகிய மூன்று இலாகாக்களுக்கும் மந்திரியாக இருந்தேன்.

சிஞ்ஞோரா மகளைப் பார்க்க மிலானோவுக்குப் போயிருந்த வாரம், கடற்கரை வீதியில் நாய் கழுத்துப்பட்டியை உருவிக்கொண்டு பாய்ந்தது. ஸ்கூட்டர் ஒன்று அதன் பின்னங்காலில் ஏறியது. நாய் போட்ட சத்தத்தைவிட நான் போட்ட சத்தம் பெரிது என்று ஐஸ்கிறீம் கடைக்காரன் பிறகு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். எப்படிக் கத்தாமல் இருப்பது? எனக்குப் படுக்கை அந்த வீட்டு அறை. இந்த நாட்டில் இருக்க அனுமதி தரும் பெர்மெஸ்ஸோ சிஞ்ஞோரா தந்த வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. நாயின் கால் போனால் எல்லாம் போகும்.

மிருக வைத்தியர் ஒரு பெண். ஒல்லியானவர், சட்டைக் கையை எப்போதும் முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருப்பார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தொடை எலும்பு, முறித்த வகுப்பறைச் சோக்கட்டி போல, இரண்டு துண்டாக ஒன்றையொன்று பாராமல் கிடந்தது. வெட்டித் திறக்க வேண்டும் என்று கையால் காட்டினார்; எனக்கு விளங்கியது வெட்டு மட்டும்தான். என் இத்தாலியன் அப்போது குசினி வாசலைத் தாண்டியிருக்கவில்லை. "வெட்ட வேண்டாம், கழுவித் துடைத்தால் போதும்" என்ற அளவில்தான் என்னால் வாதாட முடிந்தது. சிஞ்ஞோராவின் தொலைபேசி எண்ணைக் கேட்டார். மிலானோவில் தொலைபேசி இல்லை என்றேன். அவர் மருந்தெடுக்க உள்ளே திரும்பிய நேரம், நாயைத் துவாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

பலெர்மோவில் எங்கள் ஆட்கள் குடியிருந்த சீசாப் பகுதியில் மன்னார்க்கார அண்ணை ஒருவர் இருந்தார். ஊரில் மாடுகளுக்கு முறிவு கட்டியவர். "எலும்புதானே தம்பி, ஒட்டும்" என்று முட்டை வெள்ளைக்கருவையும் உழுத்தம் மாவையும் குழைத்துத் தொடையில் பத்துப் போட்டார். தக்காளிப் பெட்டிப் பலகையை உடைத்து வைத்துக் கட்டினார். அவருடைய மனைவி அடுப்படியில் நின்றபடி, "இந்த மனிசன் பலகை சேர்த்துப் பூட்டின அலுமாரியே நிக்குதில்லை. நாய் நிக்கப் போகுதோ?" என்றார். நாய் அந்த வலியிலும் பத்தை நக்கித் தின்றது. தொடையில் போட்ட கட்டோ இடுப்பு அசைய அசைய முழங்காலுக்கு வழுகியது. மறுபடி இறுக்கியபோது, உள்ளே எலும்பு எலும்போடு உரசியது எங்கள் மூவருக்கும் கேட்டது.

அண்ணை கையை எடுத்துவிட்டார். "தம்பி, இதை நான் கொல்லப் போறன். அங்கையே திருப்பிக் கொண்டு போ."

போனேன். பஸ்ஸில் நாய் முனகவில்லை. அதுதான் என்னை இன்னும் கலங்கடித்தது.

வைத்தியர் என்னைத் திட்டவில்லை. நாயை முகர்ந்து, "முட்டையா?" என்று மட்டும் கேட்டார். பிறகு உள்ளேயிருந்து ஒரு பூனையைத் தூக்கி வந்தார். அதன் முன்னங்காலில் கம்பிகள் குறுக்கே ஏறி, வெளியே ஓர் இரும்புச் சட்டத்தில் பூட்டியிருந்தன. அது மேசையிலிருந்து குதித்து, நடந்து வந்து, என்னைப் பிறாண்டியது. "கால்களை எண்ணு" என்றார். எண்ணினேன். முறிந்த துண்டுகளைச் சேர்த்துத் தகடு வைத்துத் திருகாணி பூட்டுவதுதான் வேலை, எடுப்பதற்கு ஒன்றும் இல்லை என்று தன் விரல்களை முறித்தும் சேர்த்தும் காட்டினார். மிலானோவுக்குத் திடீரென்று தொலைபேசி வந்துவிட்டது. எண்ணைக் கொடுத்தேன். அவர் சிஞ்ஞோராவோடு நெடுநேரம் கதைத்துவிட்டு, நாயை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தச்சுப் பட்டறையில் கேட்பது போலத் துளைபோடும் சத்தம் வந்தது. பிள்ளையாருக்கும் பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவுக்கும் ஒரே மூச்சில் நேர்த்தி வைத்தேன். யார் பொறுப்பென்று அவர்களே கதைத்து முடிக்கட்டும். சுவரைப் பார்த்து அழுததை அங்கே கிளிக்கூட்டோடு காத்திருந்த ஒருத்தி கண்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சிஞ்ஞோரா வந்து நாயைக் கட்டிப்பிடித்தார். அதை வைத்தியரிடமிருந்து தூக்கிக்கொண்டு ஓடியதற்காக என்னை வேலையால் நிறுத்தினார். நான் அண்ணை வீட்டுக் குசினியில் பாய் விரித்தேன். நாயின் தையல் பிரித்த நாளில் வைத்தியர், நான் கொடுத்துவைத்த அண்ணை வீட்டு எண்ணுக்குத் தொலைபேசி எடுத்து, நாய் நாலு காலையும் நிலத்தில் வைத்து நடந்ததாகச் சொன்னார்.