லிஃப்டில் ஏறாத லிஃப்ட் மெக்கானிக்

மனைவியை லிஃப்டுக்குள் நிற்கவைத்துவிட்டு, கையை மட்டும் உள்ளே நீட்டி ஐந்தாம் மாடிப் பொத்தானை அழுத்துவார். கதவு மூடியதும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படிக்கட்டைப் பார்த்து நடப்பார். மூன்றாம் மாடியில் என் வீட்டு வாசலைக் கடக்கும்போது மூச்சு இரைக்கும். ஏன் இந்தப் பாடு என்று கேட்டால், “நான் ஏறினா நின்னுடும் சார். அவளாவது நேரத்துக்கு வீடு போய்ச் சேரட்டும்” என்பார். இப்படிச் சொல்பவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் கட்டடத்து லிஃப்டையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்று, கையெல்லாம் கிரீஸோடு உச்சி மாடிவரை போய்வருவதில் அவருக்குப் பயம் கிடையாது. “மேல நின்னா ஒண்ணும் ஆகாது. உள்ள நின்னாத்தான்.” வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் உள்ளே ஏறிய லிஃப்டெல்லாம் பாதியில் நின்றனவாம். பழுதான லிஃப்டைச் சோதித்துப் பார்க்கத்தானே ஏற்றியிருப்பார்கள் என்றேன். “என்னைத்தானே ஏத்தினாங்க” என்றார்.

அவர் வரிசையில் போய் நின்றால் அந்தக் கவுன்டர்காரருக்குப் பசி எடுத்துவிடும். கடையில் பளிச்சென்று எரிந்த பல்பு இவர் வீட்டுக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொள்ளும். ஒருமுறை முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்தபோது கரண்ட் போனது. மெஷின் ஒரு பக்கம் மட்டும் ஓடியிருந்தது. மறுபக்கம் பழையபடியே இருக்க, அந்தக் கோலத்திலேயே மூன்று கட்டடங்களுக்குப் போய் வேலை பார்த்துவிட்டு வந்தார். யாரும் சிரித்தார்களா என்று கேட்டேன். “ஒரு பக்கம் நின்னவங்க சிரிக்கல” என்றார். சொல்லும்போது அவர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

தன் ராசிக்கு அவர் காட்டும் பெரிய அத்தாட்சி அவருடைய தொழில்தான். “இத்தனை வருஷத்துல, நான் போறப்ப ஓடிக்கிட்டிருந்த லிஃப்ட் ஒண்ணு சொல்லுங்க. எங்க போனாலும் நின்னுதான் கெடக்கு.” நின்றால்தானே கூப்பிடுவார்கள், ஓடும்போது யார் கூப்பிடப்போகிறார்கள் என்றேன். கொஞ்சம் யோசித்தார். “அதைத்தான் நானும் சொல்றேன். ஓடும்போது ஒருத்தரும் கூப்பிட மாட்டேங்கறாங்க.”

எல்லா லிஃப்டிலும் அவர் கைப்பேசி எண்ணை அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் அது அடிக்கும். எதிர்முனையில் யாரோ மூச்சுத் திணறுகிற குரலில் கத்துவார்கள். இவர் அவசரமே இல்லாமல், “பதறாதீங்கம்மா, வந்துட்டேன்” என்பார். ஆளுக்குத் தகுந்தபடி அம்மா ஐயாவாக மாறும், அவ்வளவுதான். சொல்லும்போது பாதி நாள் கையில் சோறு இருக்கும், மீதி நாள் தலையில் சோப்பு இருக்கும். அப்புறம் விழுந்தடித்துக்கொண்டு ஓடுவார். கதவைத் திறந்துவிட்டால் உள்ளே இருந்தவர்கள் முதலில் கேட்பது “இவ்வளவு நேரமா?” என்பதுதான். அதையும் தன் ராசிக்கணக்கில்தான் சேர்த்துக்கொள்வார்.

மனைவி திரைச்சீலை தைப்பவர். வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டே பேசக்கூடியவர். “ஏங்க, போர்வை தோச்சிருக்கேன், குடையை எடுத்துட்டுப் போங்க. அப்பதான் மழை வராது” என்று புருஷனின் துரதிருஷ்டத்தை வீட்டு வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளும் சாமர்த்தியசாலி. அவரும் வெயிலில் குடையோடு போவார்.

போன மாதம் அந்த அம்மாளுக்கு முழங்கால் அறுவை நடந்தது. வீட்டுக்கு வந்தபோது ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து, அது லிஃப்டுக்குள் அடங்காததால் ஆட்கள் மாடிப்படி வழியாகவே தூக்கிவந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் சிக்கல். வாரம் இருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய்க் காலை மடக்கி நீட்டும் பயிற்சி எடுக்க வேண்டும். விட்டால் கால் அப்படியே விறைத்துப்போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு லிஃப்டில் தனியாக நிற்க அந்த அம்மாளுக்குப் பயம். கூட வர நான் இருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். “நீங்க வாங்க, நல்லது. அவரும் வரணும். காலு எனக்கு, புருஷன் அவருதானே?” என்றுவிட்டார்.

இவர் அசையவில்லை. “நான் ஏறி நின்னுபோச்சுன்னா? நீ காலை வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் நிப்ப?” முதல் வாரம் பயிற்சி தவறிப்போயிற்று. இரண்டாம் வாரமும் போயிற்று. கால் மடங்க மறுத்தது. இரண்டு பேரும் பிடிவாதத்தில் ஒருவருக்கொருவர் இளைத்தவர்களில்லை.

நேற்றுக் காலை நான் ஐந்தாம் மாடிக்குப் போயிருந்தபோது, அந்த அம்மாள் வாக்கரோடு லிஃப்ட் வாசல்வரை தானே நடந்துவந்து நின்றுகொண்டார். முகம் வலியில் சுருங்கியிருந்தது. உடனே இவர் மனைவியோடு உள்ளே போனார். நானும் போனேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

ஐந்து, நான்கு, மூன்று. அங்கே ஒரு குலுக்கல். நின்றுவிட்டது.

“சொன்னேனா இல்லையா” என்றார். இத்தனை வருஷம் சொன்னது பலித்த திருப்திகூட அந்தக் குரலில் இல்லை. “உன்னைக் கொண்டாந்து மாட்டிவிட்டுட்டேனே” என்று சுவரோடு சாய்ந்துவிட்டார்.

அந்த அம்மாள் வாக்கரில் நன்றாக ஊன்றி நின்றுகொண்டார். “எத்தனை பேரு இதுக்குள்ள மாட்டிக்கிட்டு, மெக்கானிக் எப்ப வருவாரு எப்ப வருவாருன்னு தவிச்சிருப்பாங்க. மெக்கானிக்கோடவே மாட்டிக்கிட்டவ இந்த ஊர்லயே நான் ஒருத்திதான். இதுக்கு மேல என்னங்க ராசி வேணும்?”

அந்த அம்மாள் இடுப்பிலிருந்து கைப்பேசியை எடுத்தார். சுவரில் ஒட்டியிருந்த எண்ணை, அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்போல, ஒவ்வோர் இலக்கமாகப் படித்து அழுத்தினார்.

அவர் சட்டைப்பையில் மணி அடித்தது.

அடித்துக்கொண்டே இருந்தது. அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு அதை எடுத்துக் காதில் வைத்து, “பதறாதீங்கம்மா, வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு, மறு கையால் கதவின் விளிம்பைத் தடவி, சரியாகச் சேராமல் லிஃப்டை நிறுத்தியிருந்த இடத்தைக் கண்டுபிடித்து, உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.