பதினேழாம் நாள் புள்ளி

உலக வேதியியல் முன்னேற்ற இதழின் ஆசிரியர் குழுவில் நானும் ஒருவன். அட்டையின் உள்பக்கத்தில் ஆறாவது பெயர், முனைவர் எம். மணிமுத்து. ஒன்பதாவது பெயர் முனைவர் மணி எம். முத்து. அதுவும் நான்தான். பன்னிரண்டு பேர் இருந்தால்தான் குழு பார்க்கக் கனமாக இருக்கும் என்று முதலாளி சொல்லிவிட்டார். பத்தாம் வகுப்பு அறிவியலில் இருபத்தொரு மார்க் வாங்கிய நான், திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் நாலு கலர் ஆப்செட் மெஷின் ஓட்டுகிறேன். மை தீர்ந்தால் ஊற்றுவேன். எனக்கும் வேதியியலுக்கும் உள்ள சம்பந்தம் அவ்வளவுதான்.

அந்தக் கட்டடத்தில் வேதியியல் படித்தவள் ஒரே ஒருத்தி. பெயர் முஹ்சினா. விருதுநகர்க்காரி, எம்.எஸ்சி. முடித்தவள். எங்கள் டி.டி.பி. அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பக்கம் அமைக்கிறவள். குழுவில் அவள் பெயர் இல்லை. ஒருநாள் முதலாளி ராஜபாண்டியனிடம் கேட்டேன்.

“அண்ணாச்சி, அந்தப் பிள்ளை பேரைப் போடலையா?”

“அதெப்படிலே போடுறது? அது முனைவர் இல்லையே. பொய் போடலாமா?” என்றார்.

இதழ் பிறந்த கதை சின்னது. எங்கள் பக்கத்து அச்சகங்களுக்கு ஆடி முதல் மார்கழி வரை மூச்சுவிட நேரம் இருக்காது. முதலில் பட்டாசு லேபிள், பிறகு காலண்டர், டைரி. தை பிறந்துவிட்டால் ஈ ஓட்ட வேண்டியதுதான். அப்படி ஈ ஓட்டிய ஒரு தை மாதத்தில், அண்ணாச்சி ஏதோ கல்லூரிக்கு ஆண்டு மலர் ஆர்டர் கேட்கப் போனார். பதவி உயர்வுக்குக் கட்டுரை அச்சாக வேண்டும், எங்கே அச்சாகிறது என்று யாரும் கேட்பதில்லை என்கிற மகத்தான உண்மையை அங்கே கண்டுபிடித்தார். அடுத்த மாதமே, கட்டுரைக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்து, அச்சிலும் இணையத்திலும் உலக அளவில் இதழ் வந்துவிட்டது. உலகம் என்பது திருத்தங்கல் பஸ் ஸ்டாப்பிலிருந்து மூன்றாவது சந்து.

காலண்டர் தொழில் தெரிந்தவர்களுக்கு இது புதுத் தொழிலாகவே தோன்றவில்லை. காலண்டரில் படம் ஒன்றுதான். கீழே இரண்டு அங்குலப் பட்டையைக் காலியாக விடுவோம். ஜவுளிக்கடை ஆர்டர் கொடுத்தால் அந்தப் பட்டையில் ஜவுளிக்கடை பேர், நகைக்கடை கொடுத்தால் நகைக்கடை பேர். ஆராய்ச்சியும் அப்படித்தான் நடக்கிறது என்று மூன்றாம் இதழில் எங்களுக்குப் புரிந்தது. ஒரு கல்லூரியிலிருந்து வந்த வரைபடம், இரண்டு மாதம் கழித்து வேறு ஊரிலிருந்து வேறு நாலு பேரைக் கீழே போட்டுக்கொண்டு வந்தது. இன்னொரு கட்டுரை, “நிச்சயமாக! நீங்கள் கேட்ட முன்னுரை இதோ” என்றே தொடங்கியது. கம்ப்யூட்டரிடம் எழுதி வாங்கியவர் அந்த வரியை எடுக்க மறந்துவிட்டார். முஹ்சினா எடுத்துவிட்டாள். அவர் இப்போது துறைத்தலைவர்.

வரும் கட்டுரைகளை நிபுணர்கள் மதிப்பிட நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகும் என்று போட்டிருந்தோம். கட்டுரை அந்த நேரம் முழுக்கச் சும்மா கிடக்கும். உடனே ஏற்றுக்கொண்டால் நம்ப மாட்டார்கள் என்பது அண்ணாச்சியின் கணிப்பு.

முஹ்சினாவின் அத்தா பீர் முகைதீனுக்கு விருதுநகர் பஜாரில் வத்தல், மல்லி வியாபாரம். மகள் கல்லூரியில் பாடம் நடத்த வேண்டும் என்பது அவர் ஆசை. அவளுக்கு அது ஆசையைவிடப் பெரியது. அவள் இரண்டு கல்லூரிகளில் நேர்காணலுக்குப் போய்வந்தாள். இரண்டு இடத்திலும் ஒரே கேள்விதான்: கட்டுரை ஏதாவது வெளிவந்திருக்கிறதா? மற்றவர் கட்டுரைகளை மாதம் நாற்பது வெளியிடுகிறவளுக்குத் தன் பேரில் ஒன்று கூட இல்லை. எங்கள் இதழில் ஒன்று எழுதிப் போட்டுக்கொள் என்று நானே சொல்லியிருக்கிறேன். “வேலை பாக்காம என்னத்தண்ணே எழுத?” என்று கேட்டாள். உலக இதழில் வேலை பார்த்தும் பிழைக்கத் தெரியாத பிள்ளை.

வேலை பார்த்து அவள் செய்த ஆராய்ச்சி ஒன்று இருந்தது. எம்.எஸ்சி. கடைசி வருடம், பேராசிரியர் சுந்தரபாண்டியிடம் செய்தது. பட்டாசுக்கு அடைக்கும் மருந்து, அதாவது அலுமினியப் பொடி சேர்ந்த கலவை, நாள்பட என்ன ஆகிறது என்று பார்க்கும் வேலை. சின்னப் பீங்கான் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை மருந்தை வைத்து, நாற்பது நாள் தினமும் சூட்டை அளந்து நோட்டில் குறித்தாள். தினமும் முப்பத்தொன்று, முப்பத்திரண்டு டிகிரி. பதினேழாம் நாள் மட்டும் நாற்பத்தேழு. முந்தின இரவு மழை பெய்து, மூடாத ஜன்னல் வழியாகச் சாரல் அடித்திருந்தது. மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நாற்றம் வேறு. கிண்ணத்தைப் பதமாக வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதினாள். மறுநாள் அதே மருந்தில் மிச்சம் இருந்ததைப் புதுக் கிண்ணத்தில் வைத்துத் தொடர்ந்தாள். “உன் பேரோட பேப்பராப் போட்டுருவோம்மா” என்று பேராசிரியர் சொன்னார். மூன்று வருடமாக எழுதிக்கொண்டே இருந்தார்.

போன ஆனி மாதம் அந்தக் கட்டுரை எங்கள் இதழுக்கே வந்து சேர்ந்தது. ஆசிரியர்கள் நாலு பேர்: சுந்தரபாண்டி, துறைத்தலைவர், கல்லூரிச் செயலாளரின் மகன், அப்புறம் யாரோ ஒரு மாப்பிள்ளை. முஹ்சினா கைப்பையிலிருந்து பழைய நோட்டை எடுத்து எண்களை ஒப்பிட்டாள். முப்பத்தொன்பது நாள் அவள் எழுதியது அப்படியே இருந்தது. பதினேழாம் நாள் மட்டும் முப்பத்திரண்டு ஆகியிருந்தது. கோடு வாய்க்கால் வரப்பு மாதிரி நேராக ஓடியது. எந்தப் பருவத்திலும் கலக்க ஏற்றது என்று முடிவுரை சொன்னது. ஆராய்ச்சிக்கு உதவியதாக, சாத்தூர்ப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றுக்கு நன்றியும் இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பேராசிரியரே அச்சகத்துக்கு வந்தார்.

“அடடே முஹ்சினா! நீ இங்கனதான் இருக்கியா? நல்லதாப் போச்சு.”

“சார், இது என் புராஜெக்ட்.”

“நம்ம புராஜெக்ட்ம்மா.”

“பதினேழாம் நாளு மாறியிருக்கே சார்.”

“அது பிழைம்மா. முப்பத்தொம்போது புள்ளி ஒழுங்கா நிக்கி, ஒண்ணு மட்டும் துள்ளுது. கோடு அழகா வர வேண்டாமா?”

“அன்னைக்கு ஈரம் பட்டுச்சு சார். ஈரம் பட்டாச் சூடேறுது. நாம கண்டுபிடிச்சதே அது ஒண்ணுதான் சார்.”

பேராசிரியர் குரலைத் தணித்தார். “கம்பெனியில மழை நாளு லீவு விட முடியலையாம். அம்புட்டு ஆர்டர் கெடக்காம். மழையிலயும் கலக்கலாம்னு ஒரு பேப்பர் இருந்தா ஆளுகளுக்குக் காட்டலாம்ங்காக. நீ ஒண்ணு செய்யி. அஞ்சாவதா உன் பேரையும் போட்டுக்கோ. நீயே டைப் பண்ணிக்கோ, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

மூன்று வருடம் காத்திருந்தது ஒரு வரியில் கைக்கு வந்தது. முஹ்சினா “சரிங்க சார்” என்றாள்.

எனக்குச் சந்தோஷம். “போட்டுக்க தாயி. யாரு படிக்கப்போறா? நான் ஆசிரியர் குழு, எனக்குத் தெரியாதா?” என்றேன்.

“மருந்து கலக்குறவுக படிக்க மாட்டாகண்ணே. கலக்கச் சொல்றவுக படிப்பாக.”

மறுநாள் அச்சுத் தகடு என் மெஷினுக்கு வந்தது. ஐந்தாவது பெயர், முஹ்சினா. பார்த்துச் சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்துக்குப் போனேன். வரைபடத்தில் பதினேழாம் நாள் புள்ளி தனியாக மேலே நின்றது. அதற்குக் கீழே, முழுக்க ஆங்கிலத்தில் இருந்த கட்டுரையில், ஒரே ஒரு தமிழ் வரி: “17-ஆம் நாள் ஈரம் பட்டு மருந்து 47 டிகிரி சூடேறியது, மழை நாளில் கலக்க வேண்டாம்.” முடிவுரை பேராசிரியர் எழுதியபடியே இருந்தது.

டி.டி.பி. அறைக்கு ஓடினேன். “ஏ பிள்ளை, என்ன காரியம் பண்ணியிருக்கே?”

“முடிவுரை அவுக சொன்னது. படம் நான் பாத்தது.”

“மாட்டிக்கிட்டா உன் பேருல்ல போயிரும்.”

“போனாப் போவுதுண்ணே. அந்தப் புள்ளி இல்லாம எனக்கு அந்தப் பேரு எதுக்கு?” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்திலேயே போய் மெஷினில் சரிபார்ப்புப் பிரதியை ஓட்டினேன்.

இன்னும் ஒரு தடை பாக்கி என்று நினைத்தேன். அந்தப் பிரதியை நாலு ஆசிரியர்களுக்கும் மெயிலில் அனுப்பினோம். பத்தே நிமிடத்தில் நாலு பேரும் ஒப்புதல் கொடுத்தார்கள். துறைத்தலைவர் தன் பட்டங்களைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் கேட்டார். செயலாளர் மகன் தன் இனிஷியலில் ஒரு புள்ளி விட்டுப்போனதைக் கண்டுபிடித்தார். நாற்பது புள்ளியில் ஒன்று இடம் மாறியதும், அதற்குக் கீழே ஒரு தமிழ் வரி முளைத்ததும் மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. காலண்டர் வாங்குகிறவர்களும் கீழ்ப்பட்டையைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

சாத்தூர்க் கம்பெனியில் அந்தக் கட்டுரைக்கு ராஜ மரியாதை நடந்தது. ஒவ்வொரு பக்கத்தையும் லேமினேட் செய்து, மருந்து கலக்கும் அறையின் வாசல் சுவரில், லைசென்சுக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். விஞ்ஞானிகளே சொல்லிவிட்டார்கள், இனி மழை என்று யாரும் சாக்குச் சொல்லக் கூடாது என்று மேனேஜர் அறிவித்தார்.

அங்கே மருந்து கலக்கும் போர்மேன் மாரிசாமி. ஆறாம் வகுப்பு. தினமும் காலையில் அறை திறக்கக் காத்திருக்கும்போது, அந்தச் சுவரில் தனக்குப் படிக்கத் தெரிந்த ஒரே வரியைப் படித்திருக்கிறார்.

ஆவணியில் ஒருநாள் விடிந்ததிலிருந்து மழை. லோடு ஏற்ற லாரி வந்து நின்றது. மேனேஜர் அறையைத் திறக்கச் சொன்னார். மாரிசாமி சுவரைக் காட்டினார்.

“சார், வேண்டாம்னு நீங்கதான எழுதி மாட்டியிருக்கீக?”

மேனேஜர் அன்றுதான் கட்டுரையைப் படித்தார். மாரிசாமியோடு இருந்த பதினோரு பேரும் அறைக்குள் போகாமல் வேப்பமரத்துக் கொட்டகையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். அன்று அந்தக் கம்பெனியில் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததை எந்தப் பேப்பரிலும் போடுவதில்லை.

நடந்ததெல்லாம் எங்கள் அச்சகத்தில்தான். கம்பெனிக்காரர் பேராசிரியரிடம் கத்தினார். பேராசிரியர் அண்ணாச்சியிடம் கத்தினார். எங்கள் இதழின் சரித்திரத்தில் முதன்முறையாக ஒரு கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. வெட்டி ஒட்டிய கட்டுரைகள், கம்ப்யூட்டர் எழுதிய கட்டுரைகள், ஒரே படத்தை ஐந்து பேர் போட்ட கட்டுரைகள் எல்லாம் இணையத்தில் இன்றைக்கும் சுகமாக இருக்கின்றன. உண்மை ஒரு புள்ளி கலந்துவிட்ட கட்டுரை மட்டும் போய்விட்டது. “ஐந்தாவது ஆசிரியர் செய்த தரவுப் பிழை காரணமாக” என்று அறிவிப்புப் போட்டார்கள். அதையும் முஹ்சினாவையே டைப் அடிக்க வைத்தார்கள். அடித்தாள். சீசனில் ஆள் கிடைக்காது என்பதால் அண்ணாச்சி அவளை வேலையை விட்டு நீக்கவில்லை. இதைப் பெருந்தன்மை என்று அவரே சொல்லிக்கொண்டார்.

புரட்டாசியில் மூன்றாவது நேர்காணல். கட்டுரை உண்டா என்று இந்தத் தடவை கேட்கவில்லை. கம்ப்யூட்டரில் பேரைத் தட்டிப் பார்த்துவிட்டு, பிழை செய்ததால் நீக்கப்பட்டவரா என்று மட்டும் கேட்டார்களாம். மறுநாளும் அவள் வழக்கமான பஸ்ஸில் வந்து இறங்கி, வரிசையில் இருந்த கட்டுரையைத் திறந்தாள். நான் அன்று முழுக்க அவள் பக்கமே போகவில்லை. போட்டுக்க தாயி என்று சொன்ன வாய் இது.

ஐப்பசிக் கடைசியில் பாக்கி லேபிள் பெட்டிகளைக் கொடுக்க அந்தச் சாத்தூர்க் கம்பெனிக்குப் போனேன். கலவை அறைச் சுவரில் லேமினேட் பக்கங்கள் ஒன்றும் இல்லை. மாரிசாமியிடம் கேட்டேன். கொட்டகைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஆணியில் ஒரு பழைய காலண்டர் அட்டை. சாமி படத்தின்மேல் வரைபடப் பக்கத்தை ஒட்டியிருந்தார். கீழே கடைப் பேர் இருந்த பட்டையில் வெள்ளைத்தாள் ஒட்டிக் காலியாக விட்டிருந்தார்.

“மேனேஜர் கிழிச்சுப் போட்டாரு, நான் இதை மட்டும் எடுத்து வச்சேன். இங்கன எல்லாரும் பாக்காக. யாரு போட்டதுன்னு கேட்டாச் சொல்லணும்ல? உங்களுக்குத் தெரியுமாய்யா?” என்று கேட்டார்.

சொன்னேன். லேபிள் பெட்டியில் எழுதும் மார்க்கரை என்னிடம் வாங்கி, நின்று நிதானமாக எழுதினார்: முஹ்சினா, விருதுநகர். நான் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

திரும்பி வந்து அவளிடம் காட்டினேன். முதலில் வரைபடத்தைப் பெரிதாக்கி, பதினேழு சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகுதான் கீழே இருந்த பேருக்கு வந்தாள். அதையும் பெரிதாக்கிப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“மணியண்ணே, இதை வெளியான கட்டுரைன்னு பயோடேட்டாவுல போட்டுக்கலாமா?”

“தாராளமாப் போடு தாயி. நான் ஆசிரியர் குழு, ரெண்டு ஓட்டு இருக்கு. இது ஒண்ணைத்தான் படிச்சுப் பாத்து ஏத்துக்கிட்டிருக்கேன்” என்றேன்.