பன்னிரண்டாம் நம்பர் சொக்கெற் வாங்கக் கிண்ணியா போனது

கிண்ணியாவைச் சுற்றிப் பார்க்க இப்போது யாரும் போவதில்லை. நானும் அதற்காகப் போகவில்லை. 2007 ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, போல்ற் கழற்றும் ஒரேயொரு சொக்கெற் வாங்கப் போனேன்.

காரணம் அத்தான், அக்காவின் கணவர். அவருடைய படகு எஞ்சினுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. மேல் மூடியான ஹெட்டைக் கழற்றி, அதனடியில் தண்ணீர் புகாமல் அடைக்கும் கஸ்கெற்றை மாற்ற வேண்டும். எல்லாப் போல்ற்றும் கழன்று வந்தன, ஒன்றைத் தவிர. உப்பில் இறுகிப் போயிருந்தது. சூடு காட்டினால் இளகும். ஆனால் யுத்தம் என்று என் கராஜுக்கு காஸ் சிலிண்டர் கொண்டுவர ஆமிக்காரர் விடுகிறார்கள் இல்லை. மிச்சம் கைப்பலம்தான். திருகோணமலை டவுனில் வாங்கிய சொக்கெற் இரண்டாகப் பிளந்தது. சனிக்கிழமை காலை கரையில் கடற்படையின் பரிசோதனை. எஞ்சின் ஓடினால்தான் கடல் பாஸ், தொழிலுக்குப் போகும் அனுமதி. இல்லாவிட்டால் மாரி முடியும்வரை படகு மணலில்தான்.

பிளந்ததில் ஜேர்மன் பெயர்தான் இருந்தது. வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கருவியில் இருக்கும் பெயரை வைத்து நாட்டை முடிவு செய்யாதீர்கள். பெயர் ஒரு நாட்டில் பிறந்திருக்கும், அதை இன்னொரு நாட்டுக் கம்பெனி வாங்கியிருக்கும், இரும்பை அடிப்பவன் தாய்வானிலோ சீனாவிலோ இருப்பான். 'ஜேர்மன் டிசைன்' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அங்கே செய்யவில்லை என்றுதான் அர்த்தம். பெரிய பெயர்களுக்குச் செய்து கொடுக்கும் அதே தாய்வான் பட்டறைகள் பெயர் போடாமலும் விற்கும். எனக்கு வேண்டியது அது.

எங்கள் லிங்கநகரில் காலை ஆறரைக்கு பஸ். வழியில் இரண்டு சோதனைச் சாவடியில் இறக்கி நடக்க விட்டார்கள். கடைசியில் 'பாதை', அதாவது ஆட்களையும் வாகனங்களையும் அக்கரைக்கு ஏற்றிப்போகும் மிதவை. கடக்கப் பத்து நிமிடம், காத்திருக்க இரண்டு மணித்தியாலம்.

கிண்ணியாவில் இரும்புச் சாமான் கடை நானாவிடம் கேட்டேன்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்.

"பேரில்லாத தாய்வான் சொக்கெற் இருக்கோ நானா? பன்னிரண்டு."

"எல்லாரும் பேரைக் கேட்டு வாறாங்க, நீங்க பேரில்லாததக் கேக்கிறீங்க. பொண்ணு பாக்கவும் இப்பிடித்தான் போவீங்களா தம்பி?"

சிரிக்கிற மனநிலை எனக்கில்லை. சுவர் தடித்த, ஆறு மூலைச் சொக்கெற் ஒன்றை எடுத்து வைத்தார். அதேதான். ஆனால் பின்னேரம் பாதையை நிறுத்திவிட்டார்கள். கடைக்குப் பின்னால் படுத்து, வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குத்தான் லிங்கநகர் வந்து சேர்ந்தேன்.

சொக்கெற் போல்ற்றில் கச்சிதமாக உட்கார்ந்தது. கைப்பிடியில் நீளக் குழாயைச் செருகினேன்.

"மெல்ல மச்சான்," என்றார் அத்தான்.

"மெல்லப் பிடிக்க நேரமில்லை, அத்தான். தள்ளுங்கோ."

'டக்' என்றது.

"கழண்டிட்டுது!" அத்தான் கையைத் தட்டினார்.

கழலவில்லை. போல்ற்றின் தலை சொக்கெற்றுக்குள் இருந்தது, உடல் எஞ்சினுக்குள் இருந்தது. கருவியில் ஒரு கீறலும் இல்லை. மிஞ்சிய கட்டையை எடுக்கவும் சூடு வேண்டும். திரும்பவும் அதே காஸ்.

தலை போனதால் ஹெட் மட்டும் கழன்று வந்தது; புதுக் கஸ்கெற்றை வைத்து மற்ற போல்ற்றுகளால் இறுக்கிக் கொண்டு சனிக்கிழமை கரைக்குப் போனோம். அத்தான் எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார். எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. மறுபடி இழுத்தார். உள்ளங்கை உரிந்தது. பரிசோதிக்க வந்தவர் அடுத்த படகுக்குப் போய்விட்டார். அத்தான் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தார்.

"விடுங்கோ அத்தான். ஏலாது."

"உன்ர சாமான் நல்ல சாமான்தான்," என்றார். நக்கலா இல்லையா என்று தெரியவில்லை.

கிண்ணியா போகிறவர்கள் காலையிலேயே போங்கள், மாற்றுடுப்பு கொண்டுபோங்கள், பாதையை நம்பி யாருக்கும் நேரம் சொல்லாதீர்கள். சொக்கெற் வாங்கினால் பெயரை விட்டுச் சுவரின் தடிப்பைப் பாருங்கள். இறுகின போல்ற்றுக்கு நல்ல கருவி போதும் என்று நினைத்தால், போகவே வேண்டாம்.

என்னுடையது அலுமாரியில் கிடக்கிறது. போல்ற்றின் தலை இன்னும் அதற்குள்தான். தட்டினால் விழுந்துவிடும். தட்டவில்லை.